கொழும்பிலிருந்து கார்வில் வரை: ஒரு மாவுக்கட்டின் கதை

சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போன ஒருவருக்கு உள்ளங்காலில் புண் வந்துவிட்டது. சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை, காலுக்கு ரத்த ஓட்டமும் நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் மாதக்கணக்கில் ஆறவில்லை. இப்படிப்பட்ட புண்ணுக்கு இன்றைய மருத்துவம் முதலிடம் கொடுத்துச் சொல்லும் வழி, மாவுக்கட்டு அல்லது அதன் வழிவந்த, நோயாளி தானாகக் கழற்ற முடியாத ஒரு காலுறைச் சாதனம். எலும்பு முறிந்தால் போடுகிறார்களே, அதே கட்டுதான். முறிவே இல்லாத காலில், புண்ணை உள்ளே வைத்து, முழங்காலுக்குக் கீழிருந்து விரல்கள் வரை மூடிப் போட்டுவிடுவார்கள். வழக்கமாக ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்துத்தான் பிரிப்பார்கள். அதுவரை நோயாளி அந்தக் காலோடு அளவாக நடமாடலாம்.

தினமும் பிரித்து, கழுவி, மருந்து வைத்து மறுபடி கட்டுவதே புண்ணுக்கு வைத்தியம் என்று பழகிய நமக்கு இது விபரீதமாகத் தோன்றும். மூடி வைத்தால் அழுகிப் போகாதா என்று கேட்போம். கேள்வி நியாயமானதுதான். அதற்கு விடை முதலில் கிடைத்தது சர்க்கரை நோய் ஆய்வுக்கூடம் எதிலும் இல்லை. ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்ட தொழுநோயாளிகளின் கால்களில். அங்கிருந்து கடல் கடந்து போய், ஆய்வுகளால் உறுதிப்பட்டு, மறுபடி நம் ஊர் சர்க்கரை நோயாளிகளின் கால்களைத் தேடி வந்திருக்கிறது இந்தக் கட்டு. அதன் வழித்தடத்தை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். யாருடைய காயங்கள் நமக்கு இந்த அறிவைத் தந்தன என்பதும், அந்த அறிவை நாம் எவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறோம் என்பதும் அந்த வழித்தடத்தில்தான் தெரியும்.

போர்க்களத்துக் கட்டு

கட்டின் மூலப்பொருள் ஜிப்சம். நம் திருச்சி, பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களிலும் கிடைக்கும் கனிமம்தான். சுமார் 150 டிகிரி செல்சியசில் வாட்டினால் அதற்குள் கட்டுண்டிருக்கும் நீரில் முக்கால் பங்கு வெளியேறி, வெள்ளை மாவாக உதிர்ந்துவிடும். அந்த மாவில் தண்ணீர் பட்டால், இழந்த நீரைத் திரும்பப் பிடித்துக்கொண்டு, சூடாகி, சில நிமிடங்களில் இறுகிவிடும். பாரிஸ் நகரத்து மோன்மார்த்ர் குன்றில் வெட்டியெடுத்த ஜிப்சத்தால் பெயர் பெற்றது என்பதால் உலகம் அதை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்கிறது.

1851இல் நெதர்லாந்து ராணுவ மருத்துவர் அந்தோனியஸ் மதைசன், இந்த மாவைப் பருத்தித் துணியில் உலர்வாகத் தேய்த்துச் சுருட்டி வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது நனைத்துச் சுற்றும் முறையைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே அதை வெளியிட்டார். ருஷ்ய அறுவை மருத்துவர் பிரோகோவ் கிரிமியப் போரில் மாவுக்கட்டைப் பெருமளவில் பயன்படுத்தினார். அப்போதெல்லாம் முறிந்த எலும்பை அசையாமல் பிடித்து வைப்பதே அதன் வேலை.

புண்ணுக்கும் அதைப் போடலாம் என்ற துணிச்சல் போர்களால்தான் வந்தது. முதல் உலகப் போருக்குப் பின் அமெரிக்க மருத்துவர் வின்னெட் ஓர், எலும்பு வரை சீழ் பிடித்த புண்களைச் சுத்தம் செய்து, கட்டுக்குள் மூடி, வாரக்கணக்கில் தொடாமல் விட்டார். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பார்சிலோனாவின் ஜோசப் ட்ருவேட்டா, குண்டு பட்ட கைகால்களை இப்படியே மூடிச் சிகிச்சை செய்தார். அவர் பதிவு செய்த 1,073 பேரில் இறந்தவர்கள் 6 பேர் மட்டுமே. பென்சிலின் புழக்கத்துக்கு வராத காலம் அது. கெட்ட சதையை முழுமையாக வெட்டியெடுத்து, மிச்சத்துக்கு ஓய்வு கொடுத்தால், மூடிய கட்டுக்குள்ளேயே புண் ஆறும் என்பது அங்கே தெளிவானது.

கொழும்பும் இந்தியாவும்

அதே 1930களில் இலங்கையில் இன்னொருவர் இந்தக் கட்டை முற்றிலும் வேறொரு காலுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கொழும்பில் அறுவை மருத்துவப் பேராசிரியராக விளங்கிய மில்ராய் பால். தொழுநோயாளிகளின் உள்ளங்கால் புண்ணுக்கு மாவுக்கட்டு போட்ட முன்னோடி என்று மருத்துவ வரலாறு அவரைக் குறிப்பிடுகிறது. 1939இல் ஜோசப் கான் என்ற மருத்துவர் 'லெப்ரசி இன் இந்தியா' என்ற ஆய்விதழில் இதே சிகிச்சையைப் பற்றி எழுதினார்.

அன்றைய தொழுநோயாளியின் நிலையை நினைத்துப் பார்த்தால்தான் இதன் அருமை புரியும். நோயைக் குணப்படுத்தும் மருந்து அப்போது கிடையாது. நீரடிமுத்து எண்ணெயை ஊசியில் ஏற்றுவார்கள். வலி மிச்சம், பலன் சொற்பம். தொழுநோய்க் கிருமி உடலில் குளிர்ச்சியான இடங்களில் ஓடும் நரம்புகளைத் தாக்கும். பாதம் மரத்துப்போகும். மரத்த பாதத்தில் புண் வரும். புண் எலும்பைத் தொடும். விரல் விரலாகப் பாதம் தேயும். தொழுநோய் வந்தவரின் சதை கெட்ட சதை, அது தானாகவே அழுகி உதிரும் என்றுதான் ஊரும் நம்பியது, பெரும்பாலான மருத்துவர்களும் நம்பினார்கள். ஆறாது என்று முடிவு கட்டிய புண்ணுக்கு யார் மெனக்கெடுவார்கள்? படுக்க வைத்தால் ஆறுகிறது, எழுந்து நடந்தால் திரும்ப வருகிறது என்பது சிலருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் பிழைப்புக்கு வழியில்லாதவரை எத்தனை மாதம் படுக்க வைப்பது? கட்டு போட்டால் படுக்க வேண்டியதில்லை. கட்டோடு நடக்கலாம், நடந்தாலும் ஆறுகிறது. கொழும்பிலும் இந்தியாவிலும் கண்ணால் பார்த்த உண்மை இது. ஏன் ஆறுகிறது என்ற கேள்விக்கு விடை வேலூரில் கிடைத்தது.

வேலூரில் விழுந்த வெளிச்சம்

பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் மிஷனரித் தம்பதியின் மகனாகப் பிறந்தவர். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். மருத்துவம் படிக்கும் முன் சில ஆண்டுகள் தச்சு வேலையும் கொத்து வேலையும் பழகினார். போர்க்காலத்து லண்டனில் அறுவை மருத்துவம் பயின்று, 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து சேர்ந்தார்.

செங்கல்பட்டு அருகே திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்கு, தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேனைப் பார்க்கப் போனது அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது. விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம், தன் கையை முடிந்தவரை அழுத்திப் பிடிக்கச் சொன்னார் பிராண்ட். பிடி வலியெடுக்கும் அளவுக்கு இறுகியது. செயலற்றது என்று எல்லாரும் கைவிட்ட கைக்குள் பலமான தசைகள் உயிரோடு இருந்தன. உயிருள்ள தசைநாணை எடுத்து, இயங்காத விரலுக்கு மாற்றித் தைத்தால் விரல் விரியும் என்று அவர் கணக்கிட்டார். வேலூரில் தொடங்கிய அந்த அறுவை சிகிச்சைகள் உலகப் புகழ் பெற்றன. 1955இல் வேலூரை அடுத்த கரிகிரியில் ஷிஃபலின் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனையும் எழுந்தது.

ஆனால் சரிசெய்த கைகள் மறுபடி புண்ணாகி வந்தன. விரல்கள் ஏன் குட்டையாகின்றன என்று கண்டுபிடிக்க, பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் நோயாளிகளோடு வாழ்ந்து, ஒவ்வொரு காயத்தின் தடத்தையும் தேடினார்கள். துருப்பிடித்த பூட்டில் சாவியைத் திருகிய சிறுவனின் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது, அவனுக்குத் தெரியவேயில்லை. அடுப்பிலிருந்து வெறுங்கையால் எடுத்த பொருள் இன்னொருவர் கையைச் சுட்டது. இரவில் தூங்கும்போது சிலர் விரல்களில் புதுக்காயம் வந்தது எப்படி என்று விழித்திருந்து பார்த்தபோது, எலி கடித்துக்கொண்டிருந்தது. வலி தெரியாததால் அவர்கள் கையை இழுத்துக்கொள்ளவே இல்லை. நோயாளிகளுக்கு ஆளுக்கொரு பூனை கொடுத்து அனுப்பினார் பிராண்ட். எலிக்கடி நின்றது.

தொழுநோயாளியின் சதை தானாக அழுகுவதில்லை. நோய் எடுத்துக்கொள்வது வலியை மட்டுமே. வலி போனபின் அன்றாட வாழ்க்கை பாதத்தையும் கையையும் சிதைத்துவிடுகிறது. காயத்தைத் தடுத்தால் விரல் தேயாது. காயம் பட்ட இடத்தைப் பாதுகாத்தால் மற்றவர்களுக்கு ஆறுவது போலவே இவர்களுக்கும் ஆறும். இதற்கு மாவுக்கட்டைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. வருடக்கணக்கில் ஆறாத உள்ளங்கால் புண்கள் கட்டுக்குள் சில வாரங்களில் மூடின. புது மருந்து எதுவும் வைக்கவில்லை. சதை மாறவில்லை. காலின் மேல் விழுந்த பாரம் மட்டுமே மாறியிருந்தது. ஒரு சமூகத்தின் மேல் நூற்றாண்டுகளாகச் சுமத்தப்பட்ட பழியை ஒரு வெள்ளைக் கட்டு பொய்யாக்கியது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

கட்டுக்குள் நடப்பது

வலி தெரிகிற நாம் நடக்கும்போது பாதத்தை ஓயாமல் மாற்றி மாற்றி வைக்கிறோம். ஓரிடத்தில் உறுத்தல் தொடங்கியதும், நமக்கே தெரியாமல் பாரம் பக்கத்துக்கு நகர்கிறது. மரத்த பாதத்துக்கு இந்த நகர்வு கிடையாது. பெருவிரலின் அடியிலோ, முன்பாதத்தில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பின் அடியிலோ, ஒவ்வொரு அடியும் அதே இடத்தில் விழும். முதலில் தோல் தடித்துக் காய்த்துப்போகும். அந்தக் காய்ப்பே பிறகு கல்லைப் போல உள்ளே அழுத்தும். அடியில் ரத்தம் கட்டி, சதை நைந்து, ஒரு நாள் வெளியே திறந்துகொள்ளும். மேலே எவ்வளவு விலை உயர்ந்த மருந்தைத் தடவினாலும், கழிப்பறைக்குப் போய்வரும் இருபது அடி அன்றைய ஆறுதலை அழித்துவிடும்.

பாதத்தையும் கெண்டைக்காலையும் இடைவெளியே இல்லாமல் தழுவும் மாவுக்கட்டு, ஒரே தூண் தாங்கிய கூரையைப் பல தூண்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. பள்ளமாக இருக்கும் உள்வளைவு உட்பட, உள்ளங்கால் முழுவதும் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்கிறது. கீழ் நோக்கிக் குறுகும் கெண்டைக்கால் கட்டின் சுவரில் அழுந்துவதால், பாரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பாதத்தை எட்டுவதே இல்லை. கணுக்கால் மடங்காததால் முன்பாதத்தை ஊன்றி உந்தித் தள்ளும் அசைவு நின்றுவிடுகிறது. அடி குறுகுகிறது, வேகம் குறைகிறது. வீக்கம் வடிகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளி நினைத்தாலும் இதைக் கழற்றி வைக்க முடியாது.

இந்தக் கட்டைப் போடுவது எலும்பு முறிவுக்குப் போடுவதைவிட நுட்பமான கைவேலை. நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, முழங்காலை நேர்கோணமாக மடக்கி, உள்ளங்கால் கூரையைப் பார்க்கும்படி நிறுத்துவார்கள். புண்ணைச் சுற்றியிருக்கும் காய்ப்பைக் கத்தியால் மெல்லச் சீவியெடுப்பார்கள். புண் மேல் மெல்லிய துணி ஒன்று போதும். விரல்களுக்கு இடையில் கொஞ்சம் பஞ்சு. விரல்களின் மேல் ஒரு ஸ்பான்ஜ் துண்டு. கணுக்கால் எலும்புகளின் மேலும் முன்னங்கால் எலும்பின் முனையிலும் ஃபெல்ட் பட்டைகள். அதற்கு மேல் பனியன் துணியில் ஓர் உறை. முறிவுக்குக் கட்டும்போது சுற்றுகிற தடிமனான பஞ்சு இங்கே கிடையாது. பஞ்சு இருந்தால் இரண்டு நாளில் அமுங்கி, கால் உள்ளே ஆடத் தொடங்கும். ஆடினால் உராயும்.

பிறகு மாவுச்சுருளைத் தண்ணீரில் நனைத்து, முதல் சுற்றை இழுக்காமல் படியவிட்டு, உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருப்பார்கள். விரல் நுனி படக்கூடாது. ஈர மாவில் பதியும் ஒரு விரல் தடம் இறுகியதும் உள்பக்கம் மேடாக நிற்கும். வலி தெரியாத காலில் அது இன்னொரு புண்ணைத் தோண்டிவிடும். கட்டு இறுகும்வரை அந்த உள்ளங்கை உள்ளங்காலின் பள்ளம் மேடுகளைப் பின்தொடர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அடியில் நடப்பதற்கான குதியைப் பொருத்தி, நன்றாகக் காயும்வரை ஊன்றக்கூடாது என்று சொல்லி அனுப்புவார்கள். வீக்கம் வடிந்ததும் கட்டு தளர்ந்துவிடும் என்பதால், முதல் கட்டைச் சில நாட்களிலேயே மாற்றிவிட வேண்டும். அதன்பின் வாரம் ஒரு முறையோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ மாற்றுவார்கள். சீழ் பிடித்திருந்தாலோ, எலும்புக்குள் தொற்று இருந்தாலோ, காலுக்கு ரத்த ஓட்டம் போதாமல் இருந்தாலோ இந்தக் கட்டைப் போட மாட்டார்கள். தேர்ந்த கை போட்டால் காலைக் காப்பாற்றும். பழகாத கை போட்டால் அதே கட்டு புதுப்புண்ணை உண்டாக்கும்.

மிசிசிப்பிக் கரையில்

   1966இல் பிராண்ட் வேலூரை விட்டு அமெரிக்காவின் லூசியானாவுக்குப் போனார். மிசிசிப்பி ஆற்றின் கரையில், பழைய கரும்புத் தோட்டம் ஒன்றில் அமைந்திருந்தது கார்வில் தொழுநோய் மருத்துவமனை. 1941இல் தொழுநோய்க்கு முதன்முதலாகப் பலன் தந்த புரோமின் மருந்து சோதிக்கப்பட்ட இடம் அது. அங்கே மறுவாழ்வுப் பிரிவின் தலைமையை ஏற்ற பிராண்ட், உள்ளங்கால் கட்டையும் உடன் கொண்டுபோனார்.

வேலூரில் கண்ணும் கையும் சொன்னதை, கார்விலில் கருவிகள் அளந்து சொல்லின. மயக்க மருந்து கொடுத்த எலிகளின் பாதத்தில், கிழிக்காத அளவுக்கு மிதமான அழுத்தத்தை ஓர் இயந்திரம் நாளுக்கு ஆயிரக்கணக்கான முறை கொடுத்தது. முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. அடுத்தடுத்த நாட்களில் பாதம் சூடாகி வீங்கியது. அதன்பின்னும் நிறுத்தாதபோது புண்ணாக உடைந்தது. அழுத்தத்தின் எண்ணிக்கையைக் குறைத்து, இடையிடையே ஓய்வு கொடுத்த பாதங்களோ உடையாமல் தோல் தடித்து உறுதியாயின. பலமான ஓர் அடியைவிட, ஓய்வே இல்லாத சின்னச் சின்ன அடிகள்தான் பாதத்தைக் கொல்கின்றன என்பது இதனால் தெரிந்தது. உடையப்போகும் இடம் முன்கூட்டியே சூடாகிறது என்பதும் தெரிந்தது. இரண்டு பாதங்களிலும் ஒரே இடத்தைத் தொட்டுப் பார்த்து, ஒன்றில் 2.2 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு கூடியிருந்தால் நடையைக் குறைக்கச் சொல்லும் இன்றைய முறைக்கு வித்து இங்கேதான் விழுந்தது. எந்தப் பாதம் ஆபத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையை உள்ளங்காலில் தொட்டுப் பார்க்கிறார்களே, அந்த அளவை உறுதிப்படுத்திய ஆய்வும் கார்விலில் நடந்ததுதான். ஆய்வாளர்கள் பிர்க்கும் சிம்சும் அதை 1986இல் வெளியிட்டார்கள்.

அமெரிக்காவில் தொழுநோயாளிகள் மிகக் குறைவு. ஆனால் இதே மாதிரியான புண், இதே மாதிரி தேய்ந்த பாதம், இதே மாதிரி நோயாளியின் அலட்சியம் மேல் பழி போடும் வழக்கம், எல்லாம் வேறொரு கூட்டத்திடம் இருந்தன. சர்க்கரை நோயாளிகள். சர்க்கரை நோய் உடலிலேயே நீளமான நரம்புகளை முதலில் பாதிப்பதால் பாதம்தான் முதலில் மரத்துப்போகிறது. சர்க்கரைப் புண்ணுக்குக் காரணம் சின்ன ரத்தக் குழாய்கள் அடைபட்டிருப்பதே, ஆகவே ஆறாது என்ற நம்பிக்கை அன்று வலுவாக இருந்தது. வேலூரில் பொய்யாகிப்போன 'கெட்ட சதை' நம்பிக்கைதான் அங்கே வேறு பெயரில் உலவியது. ரத்த ஓட்டம் நன்றாக இருந்த பாதங்களில் பிராண்டின் குழு அதே கட்டைப் போட்டது. அவையும் ஆறின. 1984இல் கோல்மன், பிராண்ட், பிர்க் மூவரும் அமெரிக்கப் பாத மருத்துவ இதழில் இந்தக் கட்டைப் பற்றி விரிவாக எழுதினார்கள்.

எண்கள் சொன்னது

அனுபவம் எவ்வளவு பெரிதானாலும், ஒப்பிட்டுப் பார்க்காத வரை மருத்துவம் அதை முழுமையாக ஏற்பதில்லை. அந்த ஒப்பீட்டை இயன்முறை மருத்துவர் மைக்கேல் மியூலரும் அவருடைய சகாக்களும் 1989இல் வெளியிட்டார்கள். கட்டு போட்ட 21 புண்களில் 19 ஆறின; சராசரியாக 42 நாட்கள் ஆயின. வழக்கமான மருந்துக் கட்டும் காலணியும் கொடுத்த 19 புண்களில் ஆறியவை 6 மட்டுமே. தொற்று முற்றி மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்ததும் அந்தக் குழுவில்தான்.

2001இல் டேவிட் ஆம்ஸ்ட்ராங்கின் குழு 63 நோயாளிகளை மூன்றாகப் பிரித்தது. ஒரு குழுவுக்கு மாவுக்கட்டு. இன்னொரு குழுவுக்குக் கழற்றி மாட்டக்கூடிய, பூட்ஸ் போன்ற காலுறைச் சாதனம். மூன்றாவது குழுவுக்கு முன்பாதம் தரையில் படாத அரைக் காலணி. 12 வாரங்களில் ஆறியவர்கள் முறையே 89.5, 65, 58.3 சதவீதம். ஆய்வுக்கூடத்தில் அளந்தால் கழற்றக்கூடிய சாதனமும் அழுத்தத்தைக் கிட்டத்தட்டக் கட்டு அளவுக்கே குறைக்கும். பிறகு ஏன் இந்த இடைவெளி? 2003இல் அதே குழு விடை சொன்னது. நோயாளியின் இடுப்பில் ஒரு நடை அளவியையும் சாதனத்துக்குள் இன்னொன்றையும் வைத்து எண்ணிப் பார்த்தார்கள். ஒரு நாளில் நடந்த அடிகளில் 28 சதவீதத்தில்தான் சாதனம் காலில் இருந்தது. வீட்டுக்குள் தானே, சமையலறைக்குத் தானே என்று கழற்றி வைத்துவிடுகிறார்கள். வலி தெரிந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள். இதை நோயாளியின் குற்றம் என்று சொல்வது எனக்குச் சம்மதமில்லை. வலி செய்ய வேண்டிய காவலை மன உறுதியை மட்டும் வைத்து நாள் முழுக்கச் செய்ய எந்த மனிதராலும் முடியாது. அந்தக் காவலைக் கட்டு தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது.

இந்தப் புரிதலிலிருந்து கட்டுக்கு ஓர் எளிய வாரிசு பிறந்தது. கழற்றக்கூடிய சாதனத்தையே காலில் மாட்டி, அதன் மேல் ஒரு சுற்று மாவுச்சுருளையோ ஒட்டும் பட்டையையோ சுற்றிக் கழற்ற முடியாதபடி செய்துவிடுவது. நோயாளிகளைப் பிரித்துச் சோதித்ததில் இது அசல் கட்டுக்கு ஈடாக ஆற்றியது. போடுவதற்குப் பெரிய கைத்தேர்ச்சியும் தேவையில்லை. நடுப்பாதம், முன்பாதப் புண்ணுக்கு முழங்கால் வரை வரும், கழற்ற முடியாத சாதனமே முதல் தேர்வு என்று சர்க்கரை நோய்ப் பாதத்துக்கான சர்வதேசச் செயற்குழுவின் வழிகாட்டுதல் இன்று சொல்கிறது.

இவ்வளவு சான்று இருந்தும், 2008இல் அமெரிக்காவில் நடந்த ஒரு கணக்கெடுப்பில், பெரும்பாலான பாதப் புண்களுக்கு மாவுக்கட்டு போடுவதாகச் சொன்ன மருத்துவ மையங்கள் 2 சதவீதம்கூட இல்லை. போட நேரமாகிறது, பழகிய ஆள் இல்லை, புண்ணைத் தினமும் பார்க்க முடியாது என்று காரணங்கள் வந்தன. அறிவு வந்து சேர்ந்த இடத்திலும் பழக்கம் வந்து சேரவில்லை.

திரும்பி வந்த கட்டு

இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் இன்றும் நம் நாட்டில்தான். இரண்டு நோய்க்கும் பாதம் ஒன்று, புண் ஒன்று, கட்டும் ஒன்று. 'சுகர்ல காலை எடுத்துட்டாங்க' என்று சொல்லப்படாத தெரு நம் ஊர்களில் அரிது. எடுக்கப்பட்ட எல்லாக் கால்களையும் இந்தக் கட்டு காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். ரத்த ஓட்டம் அடைபட்ட காலுக்கு வேறு சிகிச்சை வேண்டும்; தொற்று பரவிய காலுக்கு அவசர அறுவையே வேண்டும். ஆனால் உள்ளங்காலில் ஒரு சின்னப் புண்ணோடு தொடங்கி, ஆறு மாதம் மருந்து மாற்றி மாற்றிக் கட்டி, கடைசியில் தொற்று ஏறி விரல் போய், பாதம் போனவர்களில் பலருக்கு, அந்த ஆறு மாதத்தில் பாரத்தைக் குறைப்பது பற்றி யாரும் பேசியதே இல்லை என்பது எனக்குப் பெரும் ஆற்றாமை.

புண் ஆறியதோடு வேலை முடிவதும் இல்லை. ஆறிய சர்க்கரைப் புண்களில் சுமார் 40 சதவீதம் ஓராண்டுக்குள் திரும்ப வருகின்றன. கட்டைக் கழற்றியதும் பழைய செருப்புக்கே பாதம் போனால் பழைய பாரமும் திரும்பும். வேலூரிலும் கரிகிரியிலும் தொழுநோயாளிகளுக்காக உருவான எம்.சி.ஆர். செருப்பு இதற்குத்தான். மேலே மென்மையான நுண்துளை ரப்பர், கீழே முள் ஏறாத கெட்டி அடி, கால் நழுவாமல் பிடிக்கும் பின்வார், ஆணி அடிக்காமல் ஒட்டியும் தைத்தும் செய்த அமைப்பு. தொழுநோய்த் திட்டத்தில் அரசு இன்றும் அதை வழங்குகிறது. கறுப்பாக, தனியாகத் தெரியும்படி இருந்ததால் அது ஒரு காலத்தில் நோயாளியை ஊருக்குக் காட்டிக்கொடுத்தது. இப்போது சாதாரணச் செருப்பைப் போன்ற வடிவங்களிலும் வருகிறது. சென்னையில் சர்க்கரை நோயாளிகளிடம் நடத்தி 2004இல் வெளியான ஆய்வும், இத்தகைய காலணி அணிந்தவர்களுக்குப் புதிய புண்கள் குறைந்ததைக் காட்டியது.

எலும்பு முறிவுப் பிரிவு இருக்கும் மருத்துவமனை எதிலும் மாவுக்கட்டு அறை இருக்கிறது, மாவுச்சுருள் இருக்கிறது, கட்டு போட்டே கை தேர்ந்த பணியாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கட்டின் தனி நுணுக்கத்தைக் கற்றுக்கொடுத்து, சர்க்கரை நோய்ப் பிரிவையும் மறுவாழ்வு மருத்துவப் பிரிவையும் அந்த அறையோடு இணைத்தால் போதும். கற்றுக்கொடுக்கக்கூடியவர்கள் நம் மாநிலத்திலேயே, தொழுநோய் மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். ஊர் ஒதுக்கி வைத்தவர்களின் பாதங்களிலிருந்து வந்த கல்வி இது. அதை எல்லாப் பாதங்களுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

உங்கள் வீட்டில் யாருக்காவது மரத்த காலில் புண் இருந்தால், மருத்துவரிடம் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். காலுக்கு ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது? தொற்று எலும்பு வரை போயிருக்கிறதா? இந்தப் புண்ணின் மேல் விழும் பாரத்தைக் குறைக்க என்ன செய்யப் போகிறோம்? முதல் இரண்டு கேள்விகளுக்குச் சோதனைகள் விடை சொல்லும். மூன்றாவதற்குத் திருத்தமான பதில் கிடைக்கும்வரை விடாதீர்கள். மருந்துச் சீட்டில் எத்தனை பெயர்கள் எழுதியிருந்தாலும், அந்தக் கால் மிஞ்சுமா என்பது பெரும்பாலும் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.